ஒளிந்தவன் வெளியே வரும்போது: நான்கு ஆட்டங்கள், ஒரே பத்தடி

ஒரு கோட்டைக் கிடங்கு. நடுவில் ஒரே ஒரு தீவட்டி. ஓரமாக அடுக்கிவைத்த பீப்பாய்கள், அவற்றின் பின்னால் கத்தியோடு நம் ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் திருட்டுக் கதாபாத்திரம். பீப்பாய்க்கும் காவலாளியின் முதுகுக்கும் நடுவே பத்தடி வெட்டவெளி. இந்தப் பத்தடியை எப்படிக் கடப்பது என்று கேட்டால் போதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ஒரு டேபிள்டாப் ஆட்டத்தின் ஸ்டெல்த் (ஒளிந்து நகரும்) விதிகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஒளிவதற்கு ரோல் போடச் சொல்வதை, அதாவது பகடை உருட்டச் சொல்வதை, எல்லா ஆட்டமும் ஒரு மாதிரி சமாளிக்கும். ஒளிந்தவன் வெளியே வரும்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிறது.

பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். 1978-இன் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முதல் லெவல் திருடனுக்கு நிழலில் மறைய 10 விழுக்காடு வாய்ப்பு, சத்தமில்லாமல் நடக்க 15 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து பலிக்க நூற்றுக்கு ஒன்றரை. எதிரே நிற்பவன் கழுகுக் கண்ணனா, தூங்குமூஞ்சியா என்பது கணக்கிலேயே வராது. 2000-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு ஒளிபவனின் ரோலையும் பார்ப்பவனின் ரோலையும் மோதவிட்டது. ஆனால் மறைவது வேறு திறன், ஓசையின்றி நடப்பது வேறு திறன் என்றே வைத்திருந்ததால் இரண்டு ரோலிலும் தப்பித்தாக வேண்டும்.

இனி இன்றைக்கு ஆடப்படுபவை. அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பில் உங்கள் ஸ்டெல்த் ரோல் காவலாளியின் பேசிவ் பெர்செப்ஷனை (தேடாதபோதும் அவனுக்கு இருக்கும் கவனத்தை) தாண்ட வேண்டும். அது 10-உடன் அவன் பெர்செப்ஷன் போனஸைக் கூட்டி வரும் எண். உங்களைத் தெளிவாகப் பார்க்கிறவனிடமிருந்து ஒளிய முடியாது. அந்தப் பத்தடி? சண்டையில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள், வெளியே வந்தால் பொதுவாகப் பார்த்துவிடுவார்கள், ஆனால் கவனம் வேறெங்கோ இருப்பவனை நெருங்க கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) அனுமதிக்கலாம் என்கிறது புத்தகம். அதாவது பந்து கேம் மாஸ்டர் கையில். நல்ல கேம் மாஸ்டரோடு ஆடும்போது இதைவிட இயல்பான விதி கிடையாது. சிக்கல் என்னவென்றால், ரோக்குக்கு இரண்டாம் லெவலிலேயே போனஸ் ஆக்‌ஷனில் (ஒரு டர்னில், அதாவது அவர் முறை வரும்போது, வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலில்) ஒளியும் வசதி வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு டர்னிலும் இதே பஞ்சாயத்து.

அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க வந்தது 2024 திருத்தம். எங்கே ஒளியலாம் என்பதை அது கறாராகச் சொல்கிறது: அடர்ந்த இருள் அல்லது மூடுபனி போன்ற முழு மறைப்பு, இல்லாவிட்டால் முக்கால்வாசி உடம்பையாவது மறைக்கும் தடுப்பு, எந்த எதிரியின் பார்வைக் கோட்டிலும் இருக்கக் கூடாது. அப்புறம் ஸ்டெல்த் ரோல் 15-ஐத் தொட வேண்டும். அந்த ரோலில் வந்த எண்தான் உங்களைத் தேடுபவர் எட்ட வேண்டிய இலக்கு. இதுவரை அருமை. ஆனால் ஜெயித்தால் கிடைப்பது என்ன? மாயமந்திரம் போட்டவருக்குக் கிடைக்கும் அதே ‘இன்விசிபிள்’ நிலை. அது கலைய நான்கு வழிகள்: கிசுகிசுப்பை விட உரக்கச் சத்தம் போடுவது, எதிரி கண்டுபிடிப்பது, தாக்க ரோல் போடுவது, வாயால் உச்சரிக்கும் மந்திரம் போடுவது. மறைவிடத்தை விட்டு வெளியே நடப்பது அந்தப் பட்டியலில் இல்லை!

ஆக, எழுத்துக்கு எழுத்து படிப்பவர் தீவட்டி வெளிச்சத்தில் கைவீசி நடந்து போய்க் காவலாளியின் மூக்குக்கு முன்னால் நிற்கலாம் என்பார். வெளியே வந்ததுமே எதிரி ‘கண்டுபிடித்துவிட்டான்’ என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாவது வாசிப்புதான் சரி. ஆனாலும் சண்டையை ஓயவைக்க எழுதிய விதி புதுச் சண்டையை இழுத்துவிட்டதே. மாயமாக இருப்பவரைக் காட்டும் மந்திரம் வெறுமனே பதுங்கியிருப்பவரையும் காட்டுமா என்று ஒருவர் ஆரம்பித்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு நேர் எதிர்த் துருவம். பார்த்தான், பார்க்கவில்லை என்று இரண்டோடு அது நிற்பதில்லை. கண்முன் தெரிவது, வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் கண்ணுக்குப் புலப்படாதது, எந்தக் கட்டம் என்றே தெரியாதது, இருக்கிறீர்கள் என்பதே தெரியாதது என்று நான்கு படிகள். பீப்பாய்க்குப் பின்னால் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து ஒளிந்தால் இரண்டாம் படி. காவலாளி உங்களை நோக்கி ஈட்டி வீசலாம், ஆனால் முதலில் 20 முகப் பகடையில் 11 விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. இன்னொரு ஆக்‌ஷனில் பதுங்கி நகர்ந்தால் மூன்றாம் படி, அவன் கட்டத்தையே ஊகிக்க வேண்டும். இந்த ரோல்களைக் கேம் மாஸ்டர் ரகசியமாகப் போடுவார். ஒளிந்துவிட்டோமா என்பது உங்களுக்கே தெரியாது. எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது. பகடையில் 3 விழுந்ததைப் பார்த்த பிறகு யார்தான் தைரியமாகக் கதவைத் திறப்பார்?

அந்தப் பத்தடிக்கு பாத்ஃபைண்டரின் பதில் ஈவிரக்கமில்லாதது. நகர்ந்து முடிக்கும் இடத்தில் தடுப்போ மங்கலான மறைப்போ இல்லையென்றால், ரோலே கிடையாது, பார்த்துவிட்டான். பீப்பாய்க்குப் பின்னாலிருந்து அம்பு விட்டால் எதிரியின் ஏசி (அவனை அடிக்க எட்ட வேண்டிய எண்) 2 குறையும், ரோக்கின் கூடுதல் சேதமும் சேரும். கத்தியோடு ஓடினால் ஒன்றும் இல்லை. வெறுங்கண்ணுக்கு அநியாயமாகத் தெரிந்தாலும் யோசிக்கவைக்கும் அநியாயம் இது. முதலில் தீவட்டியை அணைக்க வழி பாருங்கள். இருட்டில் பார்க்கும் கண் இல்லாத காவலாளி என்றால் அந்தப் பத்தடி உங்கள் கையில். கட்டம் போட்ட வரைபடத்தில் ஆடுகிறீர்கள் என்றால் நான் சொல்வது பாத்ஃபைண்டர்தான். நான்கு படிகளும் பழகும்வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அது வேறு.

2017-இன் பிளேட்ஸ் இன் த டார்க் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வதில்லை. அதில் அடிக்கணக்கு இல்லை. காவலாளி எவ்வளவு ஆபத்து என்பதைப் பொறுத்துக் கேம் மாஸ்டர் உங்கள் நிலைமையைச் சொல்வார்: கட்டுக்குள், அபாயம், கழுத்துமேல் கத்தி. ஆறுமுகப் பகடைகளை உருட்டி மிகப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். 6 என்றால் முழு வெற்றி. 4, 5 என்றால் காரியம் நடக்கும், ஆனால் ஏதோ ஒரு வில்லங்கமும் கூடவே வரும்: காவலாளி சாய்ந்துவிட்டான், அவன் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்து சலசலத்தது, எச்சரிக்கைக் கடிகாரத்தில் (ஆபத்து நெருங்குவதைக் காட்டத் துண்டு துண்டாக நிரப்பும் வட்டம்) இரண்டு துண்டு நிரம்பியது. ஒரு ரோல் சொதப்பினால் மொத்தத் திட்டமும் சண்டையாக மாறும் வியாதிக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கொள்ளை அடிக்க வேண்டும் என்றால் நான் சொல்வது இதுதான். ஆனால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று எண்ணி ரசிப்பவர்களுக்கு இது காற்றைப் பிடிப்பது போல இருக்கும்.

தனியாக ஒளிவதை விட்டுக் கூட்டமாக ஒளிவதற்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச். ஆளுக்கு 70 விழுக்காடு வாய்ப்புள்ள நால்வர் தனித்தனியே ரோல் போட்டு நால்வரும் ஜெயிக்க 24 விழுக்காடுதான். ஐந்தாம் பதிப்பின் குழு ரோலில் பாதிப்பேர் ஜெயித்தால் போதும் என்பதால் அதே நால்வருக்கு ஏறக்குறைய 92. இந்த விதியைப் பல மேசைகள் மறந்துவிட்டு, 10 கூட்டித் தரும் ‘பாஸ் விதவுட் டிரேஸ்’ மந்திரம் இல்லாமல் நகரவே மாட்டோம் என்று அடம்பிடிப்பது ஏனோ தெரியவில்லை. பாத்ஃபைண்டரில் ‘குவயட் அலைஸ்’ என்ற சிறப்புத் திறமையை எடுத்தவர் இருந்தால் ஒரே ரோல், ஆனால் குழுவிலேயே மோசமானவரின் எண்ணை வைத்து. பிளேட்ஸில் எல்லோரும் உருட்ட, சிறந்த ரோல் செல்லும். சொதப்பிய ஒவ்வொருவருக்கும் முன்னால் போகிறவர் ஒரு ஸ்ட்ரெஸ் (மன அழுத்தப் புள்ளி) வாங்கிக்கொள்வார். இரும்புக் கவசத்தில் கடகடவென்று வரும் பாலடின் உங்கள் குழுவில் இருந்தால், எந்த ஆட்டம் ஆடினாலும் இந்தக் கடைசி விதியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெஸ் இல்லாத ஆட்டத்தில் முன்னால் போகும் ரோக்கின் ஹிட் பாயிண்டில் (உயிர்ப்புள்ளியில்) கை வைக்கலாம். ரோக் ஆடுபவர் முறைப்பார், பரவாயில்லை.