டர்போவா, ரெகுலரா? இணையப் போக்கர் போட்டிகளில் வேகத்தைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

இங்கிலாந்தில் உரிமம் பெற்ற தளங்களில், சிறிய நுழைவுக் கட்டணம் கொண்ட போக்கர் போட்டிகளைச் சில ஆண்டுகளாக ஆடி வருகிறேன். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதை ஆட்டத்தின் நுணுக்கம் பற்றிய குறிப்பாக மட்டும் கொள்ளவும்.

பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயத் தொகை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உயர்கிறது என்பதுதான் ரெகுலர் (வழக்கமான வேகம்), டர்போ (விரைவு) என்ற இரண்டு வகைகளுக்கும் உள்ள வெளிப்படையான வேறுபாடு. ஒரு மேசைப் போட்டிகளில் ரெகுலருக்குப் பத்து நிமிடம், டர்போவுக்கு ஐந்து, ஹைப்பர் டர்போவுக்கு மூன்று என்பது பரவலான அமைப்பு. ஒன்பது பேர் அமரும் மேசையில் ஒரு கை (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்று) முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆவதால், டர்போவில் பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயத் தொகைகளில் பெரியது) கட்டும் முறை மேசையை ஒருமுறை சுற்றி வருவதற்குள்ளாகவே தொகை உயர்ந்துவிடுகிறது.

இதன் விளைவு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1,500 சிப்புகளுடன் (பந்தய வில்லைகள்) 10/20 பிளைண்டில், அதாவது சிறியது 10, பெரியது 20 என்ற நிலையில், தொடங்குபவரிடம் 75 பிக் பிளைண்ட் அளவு இருக்கிறது. நான்காவது நிலையில் பிளைண்ட் 50/100 ஆகும் அமைப்பில், அதுவரை சிப் இழக்காதவரிடமும் 15 தான் எஞ்சும். ரெகுலரில் அந்த இடத்துக்கு முப்பது கைகளில் வருகிறோம், டர்போவில் பதினைந்தில். நம் கைக்கு வரும் இரண்டு சீட்டுகளாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடியோ, ஏஸ்-கிங்கோ கிடைப்பது சராசரியாக 29 கைகளுக்கு ஒருமுறைதான். எனவே அத்தகைய கை ஒன்றுகூட வராமல் அந்த நிலையை எட்டும் வாய்ப்பு ரெகுலரில் 35 சதவீதம், டர்போவில் 59 சதவீதம். நல்ல கைக்காகக் காத்திருப்பவருக்கு டர்போ ஏன் எரிச்சலூட்டுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஃப்ளாப்புக்கு (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) பிறகான ஆட்டத்தை, அதாவது டர்னிலும் ரிவரிலும் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டுகள்) எதிராளியை அளந்து முடிவெடுப்பதைக் கற்க விரும்புவோருக்கு ரெகுலரே ஏற்றது. டர்போவில் பாதி ஆட்டம் ஆல்-இன் (எல்லாச் சிப்புகளையும் வைப்பது) அல்லது ஃபோல்ட் (கையை விட்டுவிடுவது) என்று சுருங்கிவிடுகிறது. ஆனால் அதைச் சூதாட்டம் என்று ஒதுக்குவோரின் கருத்தை நான் ஏற்கவில்லை: பத்துப் பிக் பிளைண்டுக்குக் கீழே எந்த இருக்கையிலிருந்து எந்தக் கையோடு ஆல்-இன் போவது என்பது கணக்கிட்டுப் பழகக்கூடிய திறமை, ரெகுலர் போட்டியின் கடைசிக் கட்டத்திலும் அதுவே கைகொடுக்கிறது. ஹைப்பர் டர்போவை மட்டும் விட்டுவிட்டேன். அதில் எனக்குச் சுவாரசியமில்லை.

பல மேசைகள் கொண்ட ரெகுலர் போட்டிக்கு வேறொரு குறை உண்டு. மாலையில் தொடங்கினால், பரிசுத் தொகையில் பெரும்பகுதி தீர்மானமாகும் இறுதி மேசை நள்ளிரவைத் தாண்டித்தான் அமைகிறது. நிதானம் மிகவும் தேவைப்படும் முடிவுகளைக் களைத்த மூளையோடு எடுக்க நேர்கிறது. வேலைநாள் மாலைகளில் டர்போவை நான் தேர்ந்தெடுப்பது வேகத்துக்காக அல்ல, உரிய நேரத்தில் உறங்குவதற்காக.

செலவை ஒரு போட்டிக்கு இவ்வளவு என்று பார்ப்பதைவிட ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பார்ப்பது நல்லது. டர்போவில் தளம் எடுக்கும் கட்டணம் பல இடங்களில் சற்றுக் குறைவுதான். ஆயினும் ஒன்று முடிந்தவுடன் அடுத்ததில் சேரும் பழக்கத்தால் மாலைக்கு ஆகும் தொகை கூடிவிடும். முடிவுகளின் ஏற்ற இறக்கமும் அதில் அதிகம் என்பதால், வைப்புத் தொகைக்கான வரம்பை முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறேன்.

பெயரை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். தொடக்கச் சிப்புகள் எத்தனை, பிளைண்ட் எந்த விகிதத்தில் உயர்கிறது, போட்டி தொடங்கிய பின்னும் சேர இடம் தரும் தாமதப் பதிவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரெகுலரில் தாமதப் பதிவின் கடைசி நிமிடத்தில் சேர்பவர் பெரும்பாலும் இருபது பிக் பிளைண்ட் அளவோடுதான் அமர்கிறார். ரெகுலருக்குரிய கட்டணம் செலுத்தி அவர் ஆடப்போவது டர்போவைத்தான்.