பெட்டியில் 3000 புள்ளி: மூன்று சதுரங்க நிரல்களும் அவற்றின் வலிமைக் கணக்கும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ சதுரங்கம் கற்கும் பிள்ளைக்குப் பயிற்சித் துணை தேடும் பெற்றோர் முன் மூன்று வழிகள் உள்ளன: பேட்டரியில் இயங்கும் மின்னணுப் பலகை, விலை கொடுத்து வாங்கும் கணினி நிரல், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல். முதல் இரண்டையும் விற்போர் பெரும்பாலும் ஆட்ட வலிமையைச் சொல்லியே விற்கிறார்கள்.

பலகையின் பெட்டியில் கடின நிலைகளின் எண்ணிக்கை பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். பல பலகைகளில் அந்த நிலைகள் ஒரு நகர்வுக்கு நிரல் யோசிக்கும் நேரத்தையே கூட்டிக் குறைக்கின்றன. ஆகவே உச்ச நிலையின் வலிமையைக் காண வேண்டுமானால், எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பொறுமை வேண்டும்.

பெட்டியில் 3000 என்றெல்லாம் போடும் எலோ புள்ளி, அதாவது ஆட்ட வலிமையைக் காட்டும் எண், அதைவிட ஏமாற்றக்கூடியது. ஒரு குழுவினர் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளிலிருந்து கணக்கிடப்படும் ஒப்பீட்டு அளவே அது. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 வெற்றிப்புள்ளி எடுப்பார் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நிரல்கள் ஒன்றோடொன்று மோதிப் பெற்ற 3500ஐ, அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் 2014இல் மனிதர்களோடு ஆடி ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) பட்டியலில் எட்டிய 2882இன் பக்கத்தில் வைத்து, நிரல் 600 புள்ளி மேல் என்று சொல்வது, தொடர்பில்லாத இரு பட்டியல்களுக்கிடையே கழித்தல் போடுவதாகும். நிரலே வலியது என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்த 600இன் மீதுதான். எந்தக் கணினியில், எவ்வளவு நேரத்தில், யாரை எதிர்த்து ஆடிப் பெற்ற எண் என்ற விவரம் இல்லாவிட்டால் அது வெறும் அச்சு மை.

விலைக்கு விற்கும் நிரல்களில் ஃபேட் ஃபிரிட்ஸ் 2இன் கதை தனி. செஸ்பேஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட அந்த நிரல் ஸ்டாக்ஃபிஷின் மூலநிரலையே அடித்தளமாகக் கொண்டது; முக்கிய வேறுபாடு, ஆட்ட நிலையை மதிப்பிடும் அதன் நரம்பணி வலையில் (neural network) இருந்தது. செலுத்தும் பணத்துக்கு வாங்குவோர் பெறும் கூடுதல் பயன் மிகக் குறைவே என்று ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் வெளிப்படையாக அறிவித்து, தங்கள் மூலநிரலின் பயன்பாட்டு உரிமத்தை மீறியதற்காக அதே ஆண்டில் வழக்கும் தொடுத்தனர். அது 2022இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆட்டத் தரவுத்தளமோ பாடங்களோ தேவைப்படுவோர் இத்தகைய மென்பொருள்களை வாங்கலாம். வலிமைக்காக வாங்குவது வீண்.

ஸ்டாக்ஃபிஷின் மூலநிரலும் சோதனை முடிவுகளும் எவரும் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. அதன் வலிமையைக் குறைத்து 1500 என்று அமைத்தாலும், அந்த எண் நிரல்களின் பட்டியலை ஒட்டியதே. ஃபிடே 1500 ஆட்டக்காரரை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இதுதான்: சாதாரணக் கைப்பேசியிலேயே ஓடும், தென்மேற்குப் பருவமழையில் மலையில் இணையம் போனாலும் நிற்காது. மின்சாரமும் நெடுநேரம் வராத ஊர்களிலும், பிள்ளையைத் திரையிலிருந்து விலக்க விரும்பும் வீடுகளிலும் மட்டும் பலகை முந்துகிறது. அதை வாங்குவதானால், நகர்வுக்குப் பத்து விநாடி என்ற நிலையில் வைத்து, ஃபிடே புள்ளி பெற்ற உள்ளூர் மாணவர் ஒருவரைக் கடையிலேயே சில ஆட்டங்கள் ஆடவிட்டுப் பார்ப்பது நல்லது.