விசாகப்பட்டினம் குர்சுரா நீர்மூழ்கி மியூசியம்: பிள்ளேளக் கூட்டிட்டுப் போங்க

நாங்குநேரி பக்கம் போவும்போது விஜயநாராயணம் கட்டபொம்மன் நேவி டவர பாத்திருப்பிய, கடலுக்கு அடியில கெடக்க நீர்மூழ்கிக்கு சிக்னல் அனுப்புத இடம் அது. ஆனா அந்த நீர்மூழ்கி உள்ள எப்படி இருக்கும்னு நம்ம பிள்ளேளுக்கு காட்டணும்னா விசாகப்பட்டினம் போனா நல்லா பாக்கலாம், ஆர்.கே. பீச்சுல ஐ.என்.எஸ். குர்சுரா நிக்கி. சென்னைல ட்ரெயின் மாறி அக்கா பிள்ளேளோட போய்ட்டு வந்தேன், அலைஞ்சது வீண் போகல.

சோவியத் யூனியன்ல கட்டுனது, 1969ல நம்ம நேவில சேந்து 1971 போர் சமயத்துல அரபிக்கடல்ல ரோந்து போயிருக்கு, 2001ல ஓய்வு குடுத்துட்டாவ. பொறவு ஒடச்சு இரும்பு வெலைக்கு போடாம கரைக்கு இழுத்து கான்கிரீட் மேல நிறுத்தி 2002ல மியூசியம் ஆக்கிட்டாவ. 91 மீட்டர் நீளம்னு படிச்சப்போ பெருசாத்தான் தெரிஞ்சுது, உள்ள போனா ரெண்டு பேர் எதிரெதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், தலைக்கு மேல பூரா பைப்பு, வால்வு, ஒயர், டார்பிடோங்குத தண்ணிக்குள்ள பாயுத குண்டு போடுத குழாய் பக்கத்துலயே படுக்க பலகை, இதுக்குள்ள 75 பேர் கிட்ட வெயிலே பாக்காம இருந்திருக்காவன்னு நெனச்சா நெஞ்சு அடைக்கி. படம் போட்டு வெளக்குனா இது ஏறாது, உள்ள நின்னாத்தான் ஏறும். எடுத்து சொல்லுதவங்க பழைய நேவிக்காரங்க. குளிக்க தண்ணி எங்கன்னு எங்க சின்னவன் கேட்டான், குடிக்கவே அளந்துதாம்ல குடுப்பாவன்னு பொறுமையா சொன்னாவ, அதுக்கே நான் முழு மார்க் போடுவேன்.

இத காப்பாத்துதது லேசுப்பட்ட காரியம் இல்ல. உப்புக்காத்து இரும்ப என்ன பாடு படுத்தும்னு உவரி, மணப்பாடுல வீடு வச்சிருக்கவங்கள கேளுங்க. 2007ல இதுக்கும் வெளித்தகடு அரிச்சுப்போய் புதுசு மாத்துனாவ, இன்னும் எத்தனையோ வாட்டி மாத்த வேண்டி வரும், டிக்கெட் காசு குடுக்கும்போது அத நெனச்சுக்கிடுங்க. பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் 1971ல சண்டை போட்டதுதான், அத தேடி வந்த பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி மூழ்குனது இந்த விசாகப்பட்டினம் கடல்லதான், அவ்வளவு பேர் எடுத்த கப்பல் மும்பைல கொஞ்ச வருஷம் மியூசியமா நின்னுட்டு 2012ல மூடி 2014ல ஒடைக்க ஆரம்பிச்சுட்டாவ. நம்ம பேரப்பிள்ளேளுக்கு அத போட்டோலதான் காட்ட முடியும், எனக்கு இன்னும் ஆறல. தூத்துக்குடி துறைமுகத்துலயும் இப்படி ஒரு பழைய போர்ப்படகு நிறுத்துனா நம்ம பக்கத்து பள்ளிக்கூடமெல்லாம் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம், கேக்கவேண்டியவங்க கேக்கணும்.

திங்கக்கிழமை லீவு, மத்த நாள்லயும் டைமிங் பாத்துட்டு கெளம்புங்க. படி ஏறி எறங்கணும், மூட்டுவலிக்காரங்கள பைய கூட்டிட்டுப் போங்க. எதிர்த்தாப்புல நேவியோட பழைய டியூ 142 விமானமும் மியூசியமா நிக்கி, ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல பாத்துரலாம்.