போட்டோவைக் கிராஸ் ஸ்டிச் கிட்டாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

கட்டம் கட்டமான துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று தைத்துப் படம் கொண்டுவரும் எம்பிராய்டரிதான் கிராஸ் ஸ்டிச். அதற்கான துணி, நூல், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட் எல்லாம் சேர்ந்தது கிட். இன்ஸ்டாகிராமில் "உங்கள் போட்டோவைக் கிராஸ் ஸ்டிச் கிட்டாகச் செய்து தருகிறோம்" என்று விளம்பரம் போடும் பக்கங்கள் இப்போது நிறைய. அப்படி ஒன்றில் 2,400 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது தண்டம். பக்கத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே எதைப் பார்த்தால் குட்டு வெளிப்படும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் அனுப்பியது அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ. 1978-ல் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இருவரும் மாலையோடு முழு உருவமாக நிற்பார்கள். எட்டுக்குப் பத்து அங்குல ஃப்ரேமுக்கு வருமா என்று கேட்டேன். "சூப்பரா வரும் சிஸ்டர்" என்று பதில். கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரிப் படமும் வந்தது. மூக்கும் முழியும், அம்மாவின் ஜிமிக்கி வரைக்கும் அவ்வளவு தெளிவு. கஸ்டம் ஆர்டர் என்பதால் பாதிப் பணம் ஏற்க மாட்டார்களாம், முழுத்தொகையையும் ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள்.

பார்சல் வந்தது. சார்ட்டில் அகலம் 112 கட்டம், உயரம் 140. 14 கவுண்ட் ஐடா துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம் என்பதால் எட்டுக்குப் பத்து சரிதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் இரண்டு ஆட்களை 140 கட்ட உயரத்துக்குள் அடக்கினால் முகத்துக்கு என்ன மிஞ்சும்? அப்பாவின் முகம் அகலத்தில் 13 கட்டம். கண்ணுக்கு இரண்டு கட்டம், வாய்க்கு மூன்று. மீசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கோடு. ஜிமிக்கி இல்லவே இல்லை. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அது மாலை போட்ட யாரோ ஒருவர்தான், என் அப்பா இல்லை. தொழில் தெரிந்தவராக இருந்தால் போட்டோவைப் பார்த்ததுமே "முழு உருவம் வேண்டாம், முகங்களை மட்டும் எடுத்துக்கலாம், இல்லன்னா துணியைப் பெரிசாக்கணும்" என்று சொல்லியிருப்பார்.

அப்புறம் நிறங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 64 நிறம்! டிஎம்சி கம்பெனி நூலில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. அதில் சாம்பல் வரிசை 762-ல் தொடங்கி 415, 318, 414, 317, 413, 3799 என்று படிப்படியாக அடர்ந்துகொண்டே போகும். அதற்கு மேல் 310 கறுப்பு. வெள்ளையையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. இப்படிப்பட்ட படத்துக்கு அதுவே தாராளம். இவர்கள் செய்தது, போட்டோவை சாஃப்ட்வேரில் போட்டு, வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்ததுதான். படம் பழுப்பேறியிருப்பது சாஃப்ட்வேருக்குத் தெரியாது, அதையும் நிறமாக எடுத்துக்கொள்ளும். அதனால் அம்மாவின் கன்னத்தில் பச்சை கலந்த சாம்பல், அப்பாவின் வேட்டியில் ஊதா. பின்னால் இருக்கும் வெறும் சுவரில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட நிறங்கள், அதுவும் இங்கே ஒரு கட்டம் அங்கே ஒரு கட்டம் என்று பொரி இறைத்த மாதிரி. தைப்பவர்கள் கன்ஃபெட்டி என்று திட்டுவது இதைத்தான். ஒற்றைக் கட்டத்துக்கு ஊசியில் நூல் மாற்றி, பின்பக்கம் முனையைச் செருகி, நறுக்கி, அடுத்த நிறம் கோக்க வேண்டும். யாருமே பார்க்காத சுவருக்காக!

துணியைத் தொட்டதுமே சந்தேகம் வந்தது, கொஞ்சம் முரடு. ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டம் என்று எண்ணினேன். பதினொன்று. 14 கவுண்ட் என்று விற்றது 11 கவுண்ட். அதில் 140 கட்டம் என்றால் 12.7 அங்குலம் வரும்; அனுப்பியிருந்த துணியின் நீளமே 13. ஃப்ரேம் போட சுற்றிலும் மூன்று அங்குலமாவது விடுவார்கள், இங்கே விரல் பிடிக்கக்கூட இடமில்லை. தவிர, 14 கவுண்டுக்கு இரண்டு இழை போதும், 11-க்கு அதே இரண்டு இழையில் தைத்தால் நடுவில் துணி பல்லிளிக்கும். மூன்று இழை வேண்டும். அதற்கு அவர்கள் கொடுத்த நூல் காணாது.

நூலும் லட்சணம்தான். அட்டையில் சுற்றி, பேனாவால் டிஎம்சி எண் எழுதியிருந்தார்கள். டிஎம்சியோ ஆங்கரோ, கடையில் வாங்கும் எட்டு மீட்டர் கண்டில் எண் அச்சடித்த பட்டை இருக்கும். கறுப்பு நூலை ஈரமான டிஷ்யூவில் வைத்து அழுத்தினேன், நீலச் சாயம் இறங்கியது. தைத்து முடித்துத் துவைத்திருந்தால் அம்மாவின் முகத்தில் ஏறியிருக்கும்.

கேட்டதற்கு "கம்ப்யூட்டர் எடுத்த கலர் சிஸ்டர், நாங்க எதுவும் மாத்தறதில்ல" என்றார்கள். துணியைப் பற்றிக் கேட்டதும் "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது". போட்டோ என்னுடையது, சரி. துணி எல்லோருக்கும் விற்கும் துணிதானே, அதில் என்ன கஸ்டம்? ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார்கள். தோழியின் ஃபோனிலிருந்து தேடினால் பக்கம் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே மாதிரிப் படங்கள், அதே "ஹேப்பி கஸ்டமர்" ஸ்க்ரீன்ஷாட்டுகள். பெயர் சொல்லிப் பயனில்லை என்றது இதனால்தான்.

அவர்கள் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பிறகு ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையான சார்ட் மாதிரியில் ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தான் இருக்க முடியும். அதிலோ ஒரே கட்டத்துக்குள் கன்னத்தின் வெளிச்சமும் நிழலும் சேர்ந்து ஓடின. அதாவது போட்டோவின் மேல் தையல் ஃபில்டர் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாராவது உங்களுக்கு மாதிரி அனுப்பினால் முதலில் இதைச் செய்யுங்கள். அதோடு எத்தனைக்கு எத்தனை கட்டம், எத்தனை நிறம், துணி என்ன கவுண்ட், நூல் எந்தக் கம்பெனி என்று எழுத்தில் கேளுங்கள். முகம் இருக்கும் பக்கத்தின் சார்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

உண்மையில் இந்தச் சார்ட்டுக்குக் காசே தேவையில்லை. பிக்டுபாட், ஸ்டிச் ஃபிடில் போன்ற தளங்களில் போட்டோவை ஏற்றினால் இலவசமாகவே கிடைக்கும். வேலை அதற்கு முன்னால் இருக்கிறது: முகங்களை மட்டும் வெட்டுவது, பின்னணியை அழித்து வெறும் துணியாக விடுவது, பழைய படமென்றால் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது, நிறங்களைக் குறைப்பது. நான் இரண்டு முகங்களையும் தலா அறுபது கட்டத்துக்கு மேல் வரும்படி வைத்து, ஒன்பது நிறத்தில் எடுத்தேன். மீசை மீசையாக வந்திருக்கிறது. 14 கவுண்ட் துணியை எண்ணிப் பார்த்து வாங்கி, 24-ம் நம்பர் மொட்டை ஊசியோடு, சார்ட்டின் நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். ஜிபே ரசீது, 14 கவுண்ட் என்று அவர்கள் எழுதிய செய்தி, ஸ்கேல் வைத்த படம் மூன்றும் கையில் இருந்ததால் விவரம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர்கள் சாட்டில் செய்திகள் தானாக மறையும்படி வைத்திருந்தார்கள். அப்படி யாராவது வைத்திருந்தால் பணம் அனுப்பும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.