ஒனோடாவா, யோகோயா?

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின்னும் சரணடையாமல் காட்டில் பதுங்கியிருந்த ஜப்பானியப் படைவீரரின் மனவுறுதி என்றதும் எல்லோரும் ஹிரூ ஒனோடாவைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஷொய்ச்சி யோகோய்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

யோகோய் போருக்கு முன் தையல்காரர். 1944இல் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவு அமெரிக்கர் கைக்குப் போனதும் காட்டுக்குள் மறைந்தவர், 1972 ஜனவரியில்தான் அகப்பட்டார். மரப்பட்டையில் நார் எடுத்து, நூலாகத் திரித்து, தானே செய்த தறியில் துணி நெய்து சட்டை தைத்துக்கொண்டார். மூங்கில் முட்டுக்கொடுத்த மண்குழிதான் வீடு. 1964இல் கடைசித் தோழர்கள் இருவரும் இறந்துவிட, அதன்பின் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. போர் முடிந்தது 1952லேயே அவருக்குத் தெரியும். பிடிபடும் அச்சமும் அவமானமும்தான் வெளியே வரவிடவில்லை.

ஒனோடா உளவுப் பயிற்சி பெற்ற அதிகாரி. பிலிப்பைன்ஸின் லுபாங் தீவில் அவர் போரையே தொடர்ந்தார். போர் முடிந்துவிட்டதாக விமானத்திலிருந்து போட்ட துண்டறிக்கைகள், வீட்டார் கடிதங்கள் எல்லாமே எதிரியின் சூழ்ச்சி என்று ஒதுக்கினார். 1974 மார்ச்சில் முன்னாள் மேலதிகாரி தனிகுச்சி நேரில் வந்து, போரைத் தொடரும்படி இருந்த பழைய ஆணையை ரத்து செய்த பிறகே துப்பாக்கியை ஒப்படைத்தார். அதுவரை துப்பாக்கி சுடும் நிலையிலேயே இருந்தது!

அசாத்திய உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுதிக்கு லுபாங் மக்கள் சுமார் 30 பேர் உயிர் கொடுத்தார்கள். போர் முடிந்தபின் வயலுக்குப் போனவர்களை எதிரி என்று சுட்டதை வீரம் என்று என்னால் சொல்ல முடியாது. யோகோயின் பொறுமையைத்தான் நான் உயர்த்திப் பேசுவேன். ஒனோடாவுக்கோ பிலிப்பைன்ஸின் அன்றைய அதிபர் மார்க்கோஸ் மன்னிப்பு வழங்கினார்.