மருத்துவத் துறை வேலைகளை அறிமுகப்படுத்தும் மூன்று ஆன்லைன் படிப்புகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

மருத்துவத் துறைக்குப் போக ஆசைப்படும் பள்ளி மாணவர்களைக் கேட்டால் டாக்டர், நர்ஸ் என்ற இரண்டோடு பட்டியல் நின்றுவிடும். அதில் வராத வேலைகள் நிறைய. இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் பெர்ஃபியூஷனிஸ்ட். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பட்டன் போட மறுபடி பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சுக் குறைபாட்டை மட்டுமல்ல, விழுங்குவதில் வரும் சிக்கலையும் பார்ப்பவர். அறிமுகப் படிப்பு என்றால் முதலில் இந்தப் பட்டியலை நீட்ட வேண்டும்; பிறகு, எது தனக்கு ஒத்துவராது என்று மாணவரே அடித்துவிட உதவ வேண்டும். கோர்செரா என்ற ஆன்லைன் கல்வித் தளத்தில் உள்ள மூன்று படிப்புகளை இந்த அளவுகோலில்தான் பார்க்கிறோம்.

முதலாவது, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 'கேரியர் 911'. துறைக்குள் வேலை செய்பவர்களே வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவது இதன் பெரிய பலம். ரெஸ்யூமே எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது, தன்னைச் சுருக்கமாக அறிமுகப்படுத்திக்கொள்வது என வேலை தேடும் பயிற்சிக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி முடிக்கப்போகிறவருக்கு அது உதவும். பத்தாம் வகுப்பு மாணவர் அந்தப் பகுதியை இப்போதைக்குத் தாண்டிப் போகலாம், நஷ்டமில்லை.

பேட்டிகளைச் சும்மா பார்த்தால் மறுநாளே மறந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி ஐந்து விஷயங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: என்ன படிப்பு, எத்தனை ஆண்டு, உரிமம் தேவையா, இரவுப் பணி உண்டா, நோயாளியைத் தொட்டு வேலை செய்ய வேண்டுமா. கடைசிக் கேள்விதான் பலருக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. ரத்தம், வாந்தி, மலம் ஒத்துவராத மாணவருக்கு லேப்கூடச் சங்கடம்தான், சாம்பிள் அங்கேதானே வருகிறது; மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை), ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் (மருத்துவத் தகவல்களைக் கணினியில் கையாளும் வேலை) பக்கம் பார்க்கலாம். படிப்பு அமெரிக்காவை மையமாகக் கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பார்த்துச் சிகிச்சை தருபவர்), நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் படிப்பு முடித்து, சிகிச்சையும் தரும் நர்ஸ்) போன்ற பதவிகள் எல்லா நாட்டிலும் அதே அதிகாரத்தோடு இருப்பதில்லை. பெயரைக் கேட்டு ஆசைப்படுவதற்கு முன், உங்கள் நாட்டில் அந்த வேலைக்கு உரிமம் தரும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றில் எங்கள் ஓட்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 'வைட்டல் சைன்ஸ்' (உடல்நிலையைக் காட்டும் அடிப்படை அளவுகள்) படிப்புக்கு. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், சுவாசம், வலி ஆகிய ஐந்தும்தான் பாடம். அளவு சிறியது, ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று காரணத்தோடு போகிறது. இதை வீடியோவாக மட்டும் பார்த்து முடித்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஒரு பாடம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அளந்து பார்க்க வேண்டும்.

நாடியைச் சுட்டுவிரல், நடுவிரல் கொண்டு பார்க்க வேண்டும். கட்டை விரலை வைத்தால் அதன் துடிப்பையே எண்ணிவிட வாய்ப்புண்டு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். துடிப்பு சீராக இல்லையென்றால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. சுவாசத்தை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் எவருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவது நர்ஸ்களின் பழைய உத்தி.

ரத்த அழுத்தத்தில்தான் அதிகம் சொதப்பும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில், பேச்சு கூடாது. கையின் சுற்றளவுக்குச் சிறிய கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும், கால் மேல் கால் போட்டாலும் அப்படியே. ஒரே ஆளுக்கு இரண்டு விதமாக உட்காரவைத்து அளந்து பாருங்கள். இந்த நுணுக்கம் ஒரு மாணவருக்குச் சுவாரசியமாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ட்யூக் பல்கலைக்கழகத்தின் 'இன்ட்ரொடக்டரி ஹியூமன் ஃபிசியாலஜி', அதாவது மனித உடல் இயங்கும் விதம் பற்றிய அறிமுகம். பெயரில் அறிமுகம் இருக்கிறதே ஒழிய, பாடம் கனமானது. பள்ளி உயிரியலும் வேதியியலும் கைவசம் இல்லாதவர் ஆரம்ப வாரங்களிலேயே விட்டுவிடுவார். 'வைட்டல் சைன்ஸ்' முடித்தவர் இதன் இதய-ரத்தநாளப் பகுதியை மட்டும் எட்டிப் பார்க்கலாம். பிடித்தால் முழுதாக எடுக்கட்டும்.

மூன்றுமே ஆங்கிலத்தில் நடப்பவை. வேகத்தை 0.75-க்குக் குறைத்து, ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பதே நல்லது. தானியங்கி மொழிபெயர்ப்பு கலைச்சொற்களில் காலை வாரும்.

இந்தச் சான்றிதழ்கள் எதுவும் வேலை செய்யும் உரிமம் ஆகாது. கைப்பழக்கமும் திரையில் வராது. சி.பி.ஆரில் (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) பெரியவரின் நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடலாம். அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையில் கை வைத்தால்தான் புரியும். ஆன்லைனில் மட்டும் படித்தால் போதும், நேரே வார்டில் வேலை என்று எந்த நிறுவனமாவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுவதற்கு முன் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில் என்று எழுத்தில் கேளுங்கள்.