பத்திரத்தில் ஒரு வரியா, வங்கியில் பெயர் நீக்கமா?

கணவர் கடனை மனைவி கட்டவேண்டியதில்லை என்பார்கள். சரிதான், கையெழுத்துப் போடாதவரை. நாங்கள் விவாகரத்து செய்தபோது, என் கணவர் கிரெடிட் கார்டிலும் லோன் ஆப்களிலும் வாங்கிக் குவித்த கடனெல்லாம் அவர் பொறுப்பாகவே போயிற்று. என்னைப் பிடித்துக்கொண்டது வீட்டுக் கடன். வீடு அவர் பெயரில். என் சம்பளத்தையும் காட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் கோ-அப்ளிகன்ட், அதாவது கூட்டுக் கடன்தாரர். அதன்மேல் 6 லட்சம் டாப்-அப் (அதே வீட்டின்மேல் கூடுதல் கடன்) வேறு வாங்கியிருந்தார். நீட்டிய தாள்களில் எதற்கென்று கேட்காமல் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை எடுத்தபோதுதான் தெரிந்தது. (வருடத்துக்கு ஒருமுறை இலவசம். நம் பெயர் உள்ள கடன்தான் அதில் வரும். அவருடைய தனிக் கடன்கள் வராது.)

பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்று முடிவானதும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, “வீட்டுக் கடன் முழுவதையும் கணவரே கட்டுவார்” என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது. செலவில்லை, ஒரே நாளில் முடியும். உறவுக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்த ஒப்பந்தம் எனக்கும் அவருக்கும் நடுவில் மட்டும்தான். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லையே! அவர் தவணை கட்டாவிட்டால் போன் எனக்கு வரும், சிபில் மதிப்பெண் எனக்கு இறங்கும். நான் கட்டிவிட்டு அவர்மேல் வழக்குப் போட அந்த வரி உதவும். கட்டியபிறகு வாங்குவதற்குத்தான் அது. கட்டாமல் தப்பிக்க அல்ல. ஜாமீன் போட்டவர்களுக்கும் இதே கதிதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

நான் எடுத்தது இரண்டாவது வழி: தீர்ப்புக்கு முன்பே கடனிலிருந்து பெயரை எடுப்பது. வங்கி லேசில் விடாது. மிச்சமிருப்பவரின் வருமானம் மட்டும் போதுமா என்று புதுக் கடன் மாதிரியே பார்ப்பார்கள். எங்கள் வங்கி கைவிரித்துவிட்டது. கடைசியில் அவருடைய அண்ணனைக் கோ-அப்ளிகன்டாகச் சேர்த்து, கடனை வேறொரு வங்கிக்கு மாற்றினோம். வட்டி மாறும் வகைக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் இல்லை. புது அடமானப் பதிவு, வங்கிக் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை நான்தான் கொடுத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

இதில் நேரம்தான் எல்லாம். இந்து திருமணச் சட்டம் 13பி-யில் (பரஸ்பர சம்மத விவாகரத்து) மனு போட்டபிறகு, இரண்டாவது முறை கோர்ட்டில் நிற்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த அவகாசத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் தரப்பு அதைத்தான் கேட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு வரும்வரை நான் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால்தான் அவர் வங்கிக்கு அலைந்தார், அண்ணனையும் கூட்டி வந்தார். தீர்ப்புக்குப் பிறகு யார் வரப்போகிறார்கள்?

இந்த இரண்டும் போக மூன்றாவதாக, ஜீவனாம்ச வழக்குப் போட்டுச் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வைக்கலாம். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பு அதைக் கட்டாயமாக்கியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன தோழிக்கு, தன் கணவர் மறைத்த கடன்களின் பட்டியல் கிடைத்தது; வங்கியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

ஏற்கெனவே தவணை தவறிய கடனென்றால் என் வழி ஓடாது, வேறு வங்கி தொடாது. அப்போது வீட்டை விற்று அடைப்பதுதான் மிச்சம். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் ஒப்பந்த வரிதான் கதி. குறைந்தது, அவர் கட்டத் தவறி நீங்கள் கட்டினால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்றாவது அதில் எழுதி வாங்குங்கள்.

பழைய வங்கியின் என்ஓசி (கடன் பாக்கியில்லை என்ற சான்று) கைக்கு வந்த மறுவாரம் கோர்ட்டுக்குப் போனேன். சிபிலில் அந்தக் கணக்கு ‘மூடப்பட்டது’ என்று மாறியதையும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.